மூன்றாவது கை

நியூ ஜெர்ஸி
21 மார்ச் 1999

அன்பு மகள் வான்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஃப்ரீமான்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் வெண்பாவும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா? டேகேருக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகக் கொடுத்து அனுப்பு. போன ஞாயிறு போனில் என் குரல் சரியில்லை என்று கேட்டாய், ஜலதோஷம் என்று பொய் சொன்னேன். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது உனக்குத் தெரியும். ஊரின் வரியையும் செலவையும் தீர்மானிக்கிற நம் டவுன்ஷிப் கமிட்டியில் மூன்றே பேர், இரண்டு பேர் கை தூக்கினால் எதுவும் நடந்துவிடும், நமக்காகப் பேச ஒருத்தரும் இல்லை, ஐந்து பேராக்குங்கள் என்று மனு. ஊர் ஓட்டுப் போட்டு அது நிறைவேறியது. புது இடத்துக்கு நிற்கச் சொல்லி, உன் பல்லுக்குக் க்ளிப் போட்டாரே, அந்த சேனாபதி அங்கிளை நான்தான் இழுத்து வந்தேன். நம் ஹாலில் நாற்பது பேரை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுக் கூட்டம் நடத்தினேன். "வீட்டு வரி ஏறுற எதுக்கும் நான் கை தூக்க மாட்டேன், இது ப்ராமிஸ்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார், நானும் நம்பி ஊரையும் நம்ப வைத்தேன். போன மாதம் ஹைவே ஓரம் வருகிற பெரிய கிடங்குக்கு வரிச் சலுகை ஓட்டுக்கு வந்தது. கிடங்குக்காரர்கள் கட்டாத வரியை இனி வீட்டுக்காரர்கள் கட்ட வேண்டும். பழைய மூன்று பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தர் வேண்டும் என்றார், புதிதாக வந்த இரண்டு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள், அதில் ஒருத்தர் சேனாபதி. மூன்று பேராகவே விட்டிருந்தால் இது தோற்றிருக்கும் வான்மதி. ஜெயிக்க வைத்த மூன்றாவது கையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது நான்.

அவருக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. இந்த மாதம் எட்டாம் தேதி கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் மைக் முன்னால் நின்றேன். "மேடம், ரெக்கார்டுக்காக உங்க பேரு, அட்ரஸ் சொல்லுங்க, பேரை ஸ்பெல் பண்ணுங்க" என்று இங்கிலீஷில் கேட்டது சேனாபதிதான். பதினெட்டு வருஷமாக நம் வீட்டில் கை நனைத்தவர். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். என் ஹாலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கேள்விக்குக் கமிட்டி பதில் சொல்லத் தேவையில்லை என்று அவர்கள் வக்கீல் சொன்னார், எனக்குக் கொடுத்த மூன்று நிமிஷம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். பின்னால் நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்க்கிங்கில் சேனாபதி என்னிடம் வந்து, "இது காம்ப்ளிகேட்டட் விஷயம் நாகமணி, உங்களுக்குப் புரியாது" என்றார். நான் காரில் ஏறிவிட்டேன். பதவி முடிய இன்னும் இரண்டு வருஷம் கிட்ட இருக்கிறது. நடுவில் இறக்கவும் சட்டம் இருக்கிறதாம், ஊரில் நாலில் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எந்த முகத்தோடு மறுபடி பேனாவை நீட்டுவேன்?

அப்பா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், சேனாபதிக்கு ஓட்டுக் கேட்ட வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனேன். என் பேச்சைக் கேட்டு ஏமாந்தீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பாதிப் பேர் "விடுங்க ஆன்ட்டி, பாலிடிக்ஸ்னா இப்படித்தான்" என்றார்கள், ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கடைசியாக நஞ்சப்பன் மாமா வீடு. எழுபது வயதில் குடியுரிமைப் பரீட்சைக் கேள்விகளை மனப்பாடம் செய்து சிட்டிசன் ஆனவர், வாழ்க்கையில் இங்கே போட்ட முதல் ஓட்டு அது. "மன்னிப்பு எதுக்கு கண்ணு? எனக்கு அங்க யாரைத் தெரியும், ஓட்டு மிஷின்ல நீ காட்டுன லீவரைத்தான இழுத்தேன். அடுத்த தடவை எதை இழுக்கோணும்?" என்று கேட்டுவிட்டு, குறித்துக்கொள்ளப் பேப்பரும் கண்ணாடியும் எடுத்துவந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரியவில்லை மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து என் பேங்க் சம்பளம் ஒன்றுதான், வரியும் ஏறினால் கட்ட முடியாது. இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம், நீ போனில் சண்டை போடாதே. நீங்களும் அங்கே வீடு பார்க்கிறீர்கள், கிச்சனைப் பார்க்கும் முன் அந்த ஊர் கவுன்சில் கூட்டத்தில் ஒரு நாள் போய் உட்கார். கேட்டதற்கு யார் பதில் சொல்கிறார், யார் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று கவனி. ஆள் நமக்கு வேண்டியவர் என்பதற்காக மட்டும் ஓட்டுப் போடாதே.

உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் வரக்கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன். மாடி அறையில் உன் பெட்டிகள் ஆறு இருக்கின்றன, எதை வைப்பது எதைத் தூக்கிப் போடுவது என்று ஜூனுக்குள் எழுது.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
நாகமணி