லாரியில் ஒட்டிய என் முகம்

வீட்டு மகாராணிக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் கிளம்பிய அன்று பாப்பா பட்டம்போல் கட்டம் போட்டு, சிவப்படித்து, நடுவே என் முகம் வரைந்து தந்தாளே, அதை லாரியின் பின்புறம் ஒட்டியிருந்தேன். நேற்று சோதனை அதிகாரி நிறுத்திவிட்டார்.

"தீப்பிடிக்கிற சரக்குக்கு ஒட்டுற பலகை மாதிரியே இருக்கு. விதிப்படி கூடாது, எடுப்பா."

"ஏத்தியிருக்கறது வெங்காயம் சார். அது என் மூஞ்சி."

"தலையில நெருப்பு எரியுதே?"

"அது முடி சார். அப்ப இருந்துச்சு."

அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை. சுரண்டியதில் படம் தூள்தூளாகிவிட்டது. பாப்பாவிடம் சொல்லாதே.

வட்டமாக இன்னொன்று வரைந்து அனுப்பச் சொல். நான் வீட்டை விட்டு வந்து நாலு வருஷமாகிறது. என் முகம் அவளுக்கு நினைவில்லை என்றால் அதட்டாதே, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு.

சரக்கு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன்.

உன் வீட்டுக்காரன்