சான்சா உன் கேட்டுக்கு வருகிறான்

அன்பு மகன் அம்மாருக்கு, வளைகுடாவின் முசஃபாவிலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், குறையெல்லாம் மனதுக்குத்தான். நீயும் ஸாம்பியாவில் நலமாக இருப்பாய் என்றே நம்புகிறேன். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ வைத்துவிடுகிறாய், அதனால் இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து இதை எழுதுகிறேன், படமெடுத்து அனுப்புவேன், கடைசிவரை படி. உன் உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் தங்கை ஆமிராவின் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழக்கரையிலிருந்து, உனக்குப் பேசி வைத்திருக்கிற ஃபஸ்னா வீட்டார் நிக்காஹ் தேதி கேட்டார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று அவர்களிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

நம் கராஜுக்கு எதிரே உங்கள் கம்பெனியின் தீவனக் குடோன் இருக்கிறதல்லவா, அங்கே செக்யூரிட்டி வேலைக்கு ஒரு ஆப்பிரிக்கப் பையன் வந்தான், பெயர் சான்சா. டிரெய்லரிலிருந்து குதிரைமசால் புல் கட்டுகள் இறங்கும்போது நான் போய், இது என் மகன் மேனேஜராக இருக்கிற பண்ணைப் புல் என்று பீற்றிக்கொண்டேன். எந்த மாவட்டம் என்று கேட்டான். சொன்னதும் சிரித்துவிட்டான். அவன் ஊரே அதுதான், உன் பம்ப் இருக்கிற ஆற்றில் கொஞ்சம் கீழே. அன்றிலிருந்து தினமும் டீ குடிக்க வருவான், அரைகுறை இந்தியிலும் இங்கிலீஷிலும் ஊர்க்கதை சொல்வான். நீ இத்தனை நாள் அங்கே இருந்தும் எனக்குச் சொன்னதெல்லாம் எத்தனை ஏக்கர், எத்தனை டன் என்பதுதான். அவன் சொல்லித்தான் அந்த மாவட்டத்தை நான் பார்த்தேன். சிவப்பு மண், ஆள் உயரக் கறையான் புற்று, அந்தப் புற்றுமண் வளம் என்று அதைச் சுற்றிப் பூசணி போடுவார்களாம். மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டி, கையில் உருட்டிக் கீரையோடு தின்பதுதான் அவர்களுக்குச் சோறு, களி இல்லாத நாள் சாப்பிடாத நாள் என்பார்களாம். ஒரே தார் ரோடு, அதன் ஓரத்தில் பெண்கள் தக்காளியைக் குவித்து வைத்து லாரிக்குக் காத்திருப்பார்கள். ரோட்டுக்கு ஒரு பக்கம் வானத்தை நம்பிய துண்டு நிலங்கள், மறுபக்கம் வேலிக்குள் வட்ட வட்டமாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் பெரிய பண்ணைகள். தாயைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கே மரியாதை இல்லையாம், பிள்ளை பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். அவன் தாயை ஊரே பானா சான்சா என்றுதான் கூப்பிடும், சான்சாவின் அம்மா என்று அர்த்தம்.

இந்த வருஷம் மழை பொய்த்தது உனக்குத் தெரியும். சோளம் முழங்கால் உயரத்திலேயே கதிர் பிடிக்காமல் கருகிவிட்டதாம். ஆற்றில் மிச்சம் ஓடியதை உன் பம்ப் மேலேயே இழுத்துக்கொள்ள, கீழே சேறுதான் கிடந்தது. பெண்கள் உன் வாய்க்காலில் வந்து மொண்டார்கள். நீ முள்கம்பி வேலி போட்டாய். இதையெல்லாம் சான்சா என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, மேனேஜரின் வாப்பா ஆயிற்றே என்று மரியாதையாகச் சுற்றி வளைத்துத்தான் சொன்னான். போன மாதம் ஒரு மத்தியானம் குடோன் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், டிரெய்லர் ஹாரன் அடிக்கிறது, கேட்டைத் திறக்கவில்லை. ஓடிப்போய்க் கேட்டேன். அவன் தாய் வேலிக்கடியில் நுழைந்து வாளியோடு இறங்கியிருக்கிறாள், காவல்காரன் விசில் ஊதியிருக்கிறான், பதறித் திரும்பினவளுக்கு வாய்க்காலில் விரித்த பிளாஸ்டிக் வழுக்கிவிட்டது. அதில் ஏறிவரக் கைக்கு ஒரு பிடிமானமும் இல்லை. விசில் ஊதியவன் நின்று பார்க்காமல் போய்விட்டான்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "அது ஒரு கிழவி மேட்டர் வாப்பா. ரெண்டு மூட்டை மாவு குடுத்தாச்சு, கலாஸ், முடிஞ்சுபோச்சு." எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வயலுக்குத் தண்ணீர் குறைந்தது, வாய்க்கால் சல்லடையில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கப் போனோம் என்றாய். அவளை எடுத்துவிட்டு அன்றைக்காவது பம்பை நிறுத்தினாயா என்றேன். நிறுத்தினால் புல் வாடிவிடும் என்றாய். அம்மார், நீ சின்ன வயதில் பூனைக்குட்டி செத்ததற்குச் சாப்பிடாமல் கிடந்தவன் என்று உன் உம்மா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். என் பிள்ளை அப்படிச் செய்திருக்கமாட்டான் என்கிறாள்.

சான்சா லீவு கேட்டான், இல்லை என்றார்கள். தாயை மண்ணில் வைத்த நேரத்தில் அவன் இங்கே கேட்டைத் திறந்து அந்தப் புல் வண்டியைத்தான் உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்காமல் அவனுடைய செக்யூரிட்டி கம்பெனி ஆபீஸுக்கே போய், பையனை அனுப்புங்கள் என்று மன்றாடினேன். வெளியாளைக் கூட்டிவந்து புகார் சொல்கிறானா, அப்படியானால் ஒரேயடியாகப் போகட்டும் என்று விசாவையே கேன்சல் செய்துவிட்டார்கள். நல்லது செய்யப் போய், அவன் சம்பளத்தை நம்பியிருந்த தம்பிமார் வயிற்றிலும் அடித்தேன். மனது கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உன் உம்மா நெய்ச்சோறும் இறைச்சியும் ஆக்கி அருகில் நின்று பரிமாறினாள். சாப்பிட்டான், கை கழுவினான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டான். "அங்கிள், உங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டேன். இனி உங்க மகனைச் சபிக்க எனக்கு வாய் வராது. அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

அவன் கேட்ட பிறகு, அதற்குத்தான் கூப்பிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைக் கேட்ட உன் உம்மா மிச்சச் சோற்றை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

நேற்று அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். நாளையோ மறுநாளோ உன் கேட்டுக்கு வருவான். தாய் விழுந்த இடத்தைக் காட்டச் சொல்வான், வேறு ஒன்றும் கேட்கமாட்டான். காவல்காரனை அனுப்பாதே. நீயே இறங்கி நட, அவனோடு கூடவே நட. அவன் அழுதால் அங்கேயே நில், போனை எடுக்காதே. பிறகு வேலியில் வழி வெட்டி, தண்ணீர்வரை சிமெண்டுப் படி கட்டிக் கொடு. கம்பெனி வேண்டாம் என்றால் வேலையை விட்டு வா, கராஜில் ஸ்பேனர் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். அதைச் செய்யாமல் பெருநாளுக்கு என்று புதுச்சட்டையோடு வந்து என் கையைப் பிடித்து முத்தமிடாதே, நான் கையை நீட்டமாட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் இரக்கமுள்ள நெஞ்சும் தரட்டும், தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பி போட்டுக்கொள் என்று உம்மா சொல்லச் சொன்னாள். கேட்டைத் திறந்தாயா என்று உன்னிடம் கேட்கமாட்டேன். சான்சாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது.

துஆவுடன்,
உன் வாப்பா
ஜெய்னுலாப்தீன்