அணியத்து அம்மன் நனையாமல் கரையேறியது குறித்து

அலைகள் அடங்கி வணங்கும் கானல்நாட்டின் கோமகள், இருகரையும் தன் குடைநிழலில் காக்கும் மாதேவி பூவிழைநங்கையார் திருவாய்மொழிந்தருள, அவர்தம் பேரமைச்சன் இடையாற்றுக்கிழான் சேந்தன், புன்னைமுகப் பட்டினத்துத் துறைநாயகர் பூதங்குமரர்க்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் கலங்கள் குறைவின்றிச் சேர்க. உமது கடற்குடிகளின் உலை நாளும் கொதிக்க. உமது மனையில் என் மகள் வெண்ணி நலமே வாழ்க.

உமது ஓலை வந்தது. மாதேவியார் திருமுன் அதனை நானே வாசித்தேன். வல்வில் நாட்டுப் பெருங்கலம் ஒன்று சூறைக்காற்றில் சிக்கி, நம் துறைவாயின் நடுவே குறுக்காக மூழ்கிற்று என்றும், நெல்லேற்றி வந்த நம் கலங்கள் நுழைய வழியின்றி வெளிக்கடலில் நிற்கின்றன என்றும், பட்டினத்து மக்கள் கிழங்கு தின்று நாள் கடத்துகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர். அக்கலத்துக்குப் பிணைநின்ற அலைகடந்தார் வணிகக் குழு, தன் ஆட்களைக் கொண்டே அதனை அகற்றித் தர முன்வந்திருப்பதால், அவர்களுடைய படகுகளைத் துறைக்குள் விட மாதேவியார் இசைய வேண்டும் என்பது உமது விண்ணப்பம். வாசித்து முடித்தபோது மாதேவியார் மனம் இளகிற்று. என் மனம் இளகவில்லை.

பிணையோலை எதற்காக வந்தது என்பதை நீர் அறிவீர். முன்பெல்லாம் உடைந்த கலத்தைத் துறைவாயிலேயே போட்டுவிட்டு உடையவர்கள் கைகழுவிப் போனார்கள். அந்த மரக்குப்பையை அள்ளியவர்கள் நம் பரதவர். கிழிந்தது அவர்களுடைய வலை. அதனாலன்றோ, மூழ்கினால் அகற்றும் செலவை ஏற்போம் என்று வணிகக் குழு ஒன்று முத்திரையிட்ட பிணையோலை இல்லாத எந்த அயற்கலமும் நம் துறையில் நுழையலாகாது என்று மாதேவியார் ஆணையிட்டார்கள். செலவைப் பொன்னாகக் கொடுப்பதோ, ஆட்களை அனுப்பி அகற்றுவதோ பிணைநின்றவர் விருப்பம் என்பது அவ்வோலையின் வாசகம்.

அன்றுமுதல் அலைகடந்தாரை நான் அறிவேன். ஒடிந்த பாய்மரத் துண்டு ஒன்றை எடுக்கச் சொன்னாலும், இது எங்கள் கலத்து மரந்தானா என்று கேட்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள். அவர்கள் இம்முறை நாம் வாய் திறக்கும் முன்னரே படகு படகாக ஆட்களோடு வந்து நிற்கிறார்கள். அதனால் உமது ஓலையை மறுமுறை வாசித்தேன். முக்குளிப்பவர்கள் என்று நீர் எழுதிய அந்த ஆட்களின் முன்கையில் வில்நாண் தழும்பு இருக்கிறதா என்று ஒருமுறையேனும் பார்த்தீரா?

சூறைக்காற்று என்றீர். அன்று மாலை உமக்கு அடுத்த கரையில் உப்பளத்தார் உப்பை வெட்டவெளியில் குவித்து, கீற்றுக்கூட மூடாமல் வீட்டுக்குப் போனதாக அங்கிருந்து வந்த உப்பு வணிகர் என்னிடம் கூறினர். உம் துறைக்கு மட்டும் வந்துபோன காற்றை நான் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் காற்று ஓரிடத்தில் அடிக்கும், ஓரிடத்தில் விடும் என்று மாதேவியார் உமக்காகப் பேசினார்கள். நானும் அதனை விட்டுவிட்டேன்.

விட முடியாதது உமது ஓலையின் கடைசி வரி. மூழ்கிய கலத்தை ஓட்டிவந்த மீகாமன் கடம்பன் அதன் அணியத்தில் இருந்த அம்மனைக் காப்பாற்றிக் கொண்டுவந்து உமது மனையில் எழுந்தருளச் செய்திருக்கிறான் என்றும், அவள் பட்டாடைகூட நனையவில்லை, இது அவள் அருளன்றோ என்றும் மகிழ்ந்து எழுதியிருந்தீர். பூதங்குமரரே, நீர் மலைச்சாரலில் பிறந்தவர். உமக்குத் தெரியாமல் இருக்கலாம். அணியம் என்பது கலத்தின் முன்முகம். அங்கே அம்மனை நிறுத்தும்போது தச்சன் இரும்பாணி அறைந்து, ஆணித்தலையை மெழுகால் மூடுகிறான். கலம் உள்ளவரை அவளை அசைக்க மாட்டார்கள். கலத்தைக் கலைத்து விறகாக்கும் நாளில்தான் மஞ்சள்நீர் ஆட்டி, விடைகேட்டு, மெழுகை உருக்கி, ஆணியைப் பிடுங்கி அவளை எடுப்பார்கள். அலை தலைக்கு மேல் எழும்போது அதனைச் செய்ய ஒருவனாலும் ஆகாது; செய்தாலும் பட்டு நனையும். கடம்பன் கலத்தை மூழ்கடிக்கத் துணிந்தான், அம்மனை மூழ்கடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டு.

துறைவாயை அடைத்து, நம் குடிகளைப் பட்டினி போட்டு, அந்தப் பசியைக் காட்டியே நம்மிடம் இசைவு வாங்கி, வல்வில் நாட்டார் அலைகடந்தாரின் படகுகளில் தம் வீரரைப் பட்டினத்தில் இறக்கப் பார்க்கிறார்கள் என்பது என் துணிபு. இதில் நீர் ஏமாந்தீரா, உடன்பட்டீரா என்பதே எனக்கு விளங்கவில்லை. சொந்த மருமகனையுமா ஐயுறுகிறீர் என்று மாதேவியார் வினவியருளினார்கள். மருமகன் என்பதால் இருமடங்கு ஐயுறுகிறேன் என்று விண்ணப்பித்தேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீர் வெறும் ஏமாளியாக இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு படுத்தேன்.

ஆகவே மாதேவியார் ஆணை இது. அலைகடந்தாரின் படகு ஒன்றும் துறைவாயைத் தாண்டலாகாது. பிணையோலையின் வாசகம் தானாக மூழ்கிய கலத்துக்கே உரியது. வேண்டுமென்றே மூழ்கடித்த கலத்துக்கு ஆள் வேண்டா, பொன்னே கொள்வோம் என்று அவர்களுக்கு அறிவிக்க. நம் பரதவரே கலத்தை அறுத்து இழுத்து வழி திறக்க. அதுவரை மக்கள் பசியாற நெல் வண்டிகள் தரைவழியே புறப்பட்டுவிட்டன.

கடம்பன் அந்த அம்மனின் தலையில் கைவைத்து, காற்று வருமுன் ஆணியைப் பிடுங்கவில்லை என்று ஊரார் கேட்கச் சொல்லட்டும். அவளை நீரில் விட மனம் வராதவன் அவள்மேல் பொய்ச்சத்தியம் செய்ய மாட்டான். அவனுக்குப் பின் நீரும் கைவைத்து, இச்சூழ்ச்சியை அறியேன் என்று சொல்லுக. கை நடுங்காமல் சொல்வீராயின், அதே இடத்தில் எல்லாரும் பார்க்க உம்மிடம் பொறுத்தருளக் கேட்க நானே வருவேன்.

மாதேவியாரின் சங்கு முத்திரையும் என் கணையாழியும் பதிந்த இவ்வாணை, கடலில் உப்பு உள்ளவரை நிற்க. ஓலை கொணர்ந்தவன் உமது முன்வாசலில் நிற்கிறான். அவனோடு வந்தவர்கள் பின்வாசலில் நிற்கிறார்கள். இதன் படி ஒன்று உமக்கு முன்னமே வெண்ணியின் கைக்குச் சேர்ந்தது. அவள் விளக்கேற்றி அம்மன் அருகே உமக்காகக் காத்திருக்கிறாள். போய்க் கை வைக்க.