ஏஜெண்டுக்குப் பிடித்த அத்தியாயம்

பீளமேடு, கோயம்புத்தூர்
11.2.1996

அன்பு மகள் சௌதாமினிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே சௌக்கியம், அங்கே அந்தச் சீமைக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பெருமாள் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் தம்பி உதய்க்குப் பெருந்துறையில் பட்டறை போட இடம் கிடைத்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

நேற்று உன் பேருக்கு லண்டனிலிருந்து தடிமனாக ஒரு கவர் வந்தது. வீடு மாறுகிறாய் என்று நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருப்பாய் போல. யார் பேருக்கு வந்தாலும் இந்த வீட்டில் கவர் பிரிப்பது நான்தான் என்பதை மறந்துவிட்டாயா? நீ சஸ்பென்ஸ் நாவல் எழுதியிருப்பதே எங்களுக்குத் தெரியாது. பதிப்பகங்களிடம் பேசிப் புத்தகத்தை விற்றுக்கொடுக்கும் ஏஜெண்ட் அம்மாள் ஒருவர், முதல் மூன்று அத்தியாயம் பிடித்துவிட்டது, முழு நாவலையும் உடனே அனுப்பு என்று எழுதியிருக்கிறார். அதைச் சொன்னதும் உன் அம்மா பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியிடம் போய், எங்க அம்மணி எழுதின புஸ்தகத்த லண்டன்ல கேக்கறாங்களாமுங்க என்று சொல்லிப்போட்டு வந்தாள்.

நீ அனுப்பிய அத்தியாயங்களையும் கடிதத்தையும் ஏஜெண்ட் அம்மாள் அந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருந்தார், அம்மாவுக்குத் தெரியாமல் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஞ்சு குடோன், உள்ளே தூங்கும் வாட்ச்மேன், வெளியே பூட்டும் முதலாளி, கூடவே அவருடைய ஏழு வயது மகள். பேரை மட்டும் மாற்றியிருக்கிறாய். இது நான் கண்ணால் பார்த்தது என்று ஏஜெண்டுக்கு வேறு எழுதியிருக்கிறாய், அடிப்பாவி! இருபத்தொரு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அன்றைக்குச் சூலூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். குடோன் வாசலில் நின்று வாட்ச்மேன் ராமுலுவை ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை, சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார் என்று பூட்டிவிட்டேன். திரும்பி வந்தால் குடோன் எரிந்து ஒரே புகை, உள்ளே அவர் செத்துக் கிடந்தார். வெளிப்பூட்டை எடுத்து மறைத்துவிட்டு, அவரே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார் என்று போலீசிடம் சொன்னேன், அவர் பெண்டாட்டியிடமும் அதையே சொன்னேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேனே!

நாவலை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அனுப்பு. ஆனால் பூட்டும்போது உள்ளே யாரோ இருமியதாகவும், முதலாளி கேட்டும் கேட்காதது போலச் சாவியை எடுத்துக்கொண்டு போனதாகவும் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைப் படித்ததும்தான் ஏஜெண்டுக்கு முழு நாவலும் வேண்டும் என்று தோன்றியதாம். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அம்மணி. நீதான் அன்றைக்குக் குடோன் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாய்.

கவரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் புத்தகம் நல்லபடியாக வெளிவந்து நீ பேரும் புகழுமாக இருக்க வேண்டும். அந்த இருமல் கதைக்காக நீ சேர்த்ததா, நிஜமாகவே உனக்குக் கேட்டதா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

உன் அப்பா,
வேங்கடசாமி