மாப்பிள்ளை பம்பும் இருமல் பம்பும்

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை தோல் வாஷர்களை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டேன். பழைய கிணற்றுப் பம்பின் பிஸ்டனில் இருக்கும் வாஷர் தேய்ந்துபோனால் புதிதாக மாற்ற வேண்டும். அதற்கு முன் தோல் எண்ணெயில் ஊறி இளக வேண்டும். அந்த வாசம் கையில் ஏறியதும் நீங்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. "மச்சான் கையில சோறு வாங்கித் திங்க முடியாதாட்ட இருக்குது" என்று என் தங்கையிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அவளும் உங்களோடு சேர்ந்து சிரித்தாள். உங்கள் பம்புக்குத் தோலும் கிடையாது, எண்ணெய் நாற்றமும் கிடையாது. உங்கள் கை எப்போதும் சுத்தமாக இருக்கும். அதற்குக்கூட எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வாடா போடா என்றுதான் பேசினோம். என் தங்கை கழுத்தில் நீங்கள் தாலி கட்டிய அன்றே எல்லாம் மாறிவிட்டது. நீங்கள் வாசலுக்கு வந்தால் நான் எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட வேண்டும். உங்களுக்கென்று கோழி அடிப்பார்கள், எனக்குக் குழம்பு கிடைக்கும். இது ஊர் வழக்கம், எல்லா மச்சினன்மாருக்கும் உள்ளதுதான் என்று பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அய்யன் விஷயத்தில்தான்.

என் அய்யன், உங்கள் மாமனார், பெற்ற பிள்ளையைப் புகழ்ந்து ஒரு வார்த்தை பேசியவர் அல்ல. கவலை ஏற்றத்தில் மாடுகளைப் பூட்டித் தோல் பறியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கிணற்றுக்கு, நான்தான் அடம்பிடித்து எண்ணெய் என்ஜினும் பிஸ்டன் பம்பும் கொண்டுவந்தேன். அதுவரை மழையை நம்பிச் சோளம் விதைத்த மேட்டுக்காட்டுக்கு முதன்முதலாகத் தண்ணீர் ஏறியது. அய்யன் வாய்க்காலில் கால் வைத்துப் பார்த்தார். "உம்" என்றார். பிறகு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார்.

அதற்கப்புறம் பைக்காரா மின்நிலையத்துக் கரண்ட் எங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் வந்தது. கோயமுத்தூரில் பம்புப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், மோட்டாரோடு சேர்த்து ஒரு சுழல் பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அய்யன் வெட்டியிருந்த புதுக் கிணற்றில் இறக்கினீர்கள். குழாயிலும் பம்பின் வயிற்றிலும் தண்ணீர் ஊற்றி நிரப்பினீர்கள், தண்ணீர் வெளியேறும் மேல் வால்வை இறுக மூடினீர்கள், சுவிட்சைப் போட்டுவிட்டு வால்வை மெல்லத் திறந்தீர்கள். தொடை கனத்துக்குத் தண்ணீர் வந்து விழுந்தது. ஊரே வந்து பார்த்தது. அய்யன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதில் குளித்தார். என் பம்பு தண்ணீர் ஊற்றிய இத்தனை நாளில் அவர் அதில் முகம்கூடக் கழுவியதில்லை.

அன்றிலிருந்து உங்களுடையது மாப்பிள்ளை பம்பு. டொக்கு டொக்கென்று இரைச்சல் போட்டு, விட்டு விட்டுத் தண்ணீர் கொடுக்கிற என்னுடையதற்கு இருமல் பம்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கள் பம்புக்குள் ஒரு சக்கரம் சுற்றித் தண்ணீரை வீசி எறிகிறது, அவ்வளவுதான். ஏற வேண்டிய உயரம் கூடினால் தண்ணீர் மெலிந்துபோகும். குழாயில் காற்றுப் புகுந்தால் வெறுமனே சுற்றும். என்னுடையது படியால் அளந்து கொட்டுகிற மாதிரி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே அளவு. உயரம் கூடினாலும் அந்த அளவு குறையாது. கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டிவிட்டு மாப்பிள்ளை பம்பைப் பார்க்கத்தான் போனார்கள்.

ஒரு கோடையில் நான் கவலை மாடுகளை விற்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தேன். பம்புகள் வந்தபின் அந்த மாடுகளுக்கு வேலை இல்லை. மேட்டுக்காட்டுப் பருத்தி வாடுகிறதே என்று அய்யன் சொன்னாராம். ஊருக்கு வந்திருந்த நீங்கள், அதற்கென்ன மாமா என்று இருமல் பம்பிடம் போயிருக்கிறீர்கள். கைப்பழக்கம் உங்களை விட்டதா? முதல் வேலையாக மேல் வால்வை மூடியிருக்கிறீர்கள். பிறகு என்ஜினைக் கிளப்பியிருக்கிறீர்கள். உங்கள் பம்பை மூடிவைத்து ஓட்டினால் கொஞ்ச நேரம் தேமே என்று சுற்றிக்கொண்டிருக்கும், மோட்டாருக்கும் அதுதான் நல்லது. என் பம்பு அப்படியல்ல. இழுத்த தண்ணீரைத் தள்ளியே தீரும். தள்ள வழியில்லாமல், சிலிண்டரின் மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேதி சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர் என் பம்பை ஓட்டத் தெரியாமல் உடைத்துவிட்டார். இன்றைக்கு அய்யன் கேட்கப் போகிற கேள்வியில் மாப்பிள்ளை எங்கே முகத்தை வைத்துக்கொள்வார் பார்ப்போம் என்று வரப்பில் ஓட்டமாக ஓடினேன். கிணற்றடியில் பாதி ஊர் நின்றது. அய்யன் என்னைத்தான் பார்த்தார்.

"மூடுனா ஒடையும்னு நீயல்லொ சொல்லியிருக்கோணும்?"

மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பதை ஓடுகிற ஓட்டத்தில் மறந்துவிட்டேன். அப்போது நீங்கள் முன்னால் வந்தீர்கள். "மச்சான் மேல தப்பில்லீங்க மாமா. நாந்தான் என்ர பம்புன்னு நெனச்சு மூடிப்போட்டனுங்க" என்றீர்கள். அத்தனை பேர் முன்னாலும், கூச்சமே இல்லாமல். எப்பேர்ப்பட்ட மனசு என்று ஊர் உருகியது. உடைத்தவரும் நீங்கள், நல்ல பேர் வாங்கியவரும் நீங்கள். அன்று இராச்சாப்பாட்டிலும் உங்களுக்குக் கோழிதான்.

மறுநாள் உடைந்த மூடியை எடுத்துக்கொண்டு போய், அதேபோல் ஒன்று வார்த்துக் கொண்டுவந்தீர்கள். நாம் இருவர் மட்டும் குனிந்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது, கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பழைய மாதிரி பேசினீர்கள். "என்னுது பொழைக்கத் தெரிஞ்ச பம்புடா. வழியை மூடுனா சும்மா சுத்திக்கும். உன்னுதுக்கு அது தெரியாது, ஒடைஞ்சாலும் தள்ளத்தான் பாக்கும்." அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். என் பம்பைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை இவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டாரே என்றுதான் எரிந்தது.

அடுத்த மழைக்குள் ஒரு காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. தங்கை குழந்தைகளோடு இங்கேதான் இருக்கிறாள். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது அய்யன் வாய்விட்டு அழுதார். நானும்தான் அழுதேன். அழுகிறபோதே, எனக்கு இப்படி அழுவாரா என்று ஒரு நினைப்பு வந்தது.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. சத்தத்தை வைத்துத்தான் தோட்டத்தைப் பார்க்கிறார். போன வாரம் புதுக் கிணற்றடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் ஊற்றி நிரப்பி, வால்வை மூடி, சுவிட்சைப் போட்டு, மெல்ல மெல்லத் திறந்தேன். தண்ணீர் அதிர்வில்லாமல் வந்து விழுந்தது. அய்யன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"மாப்பிள்ளை ஓட்டறாப்லயே ஓட்டறயேடா" என்றார்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்துக்கிடந்தேன். ஒருவழியாக வந்தது. வந்த வார்த்தையிலும் எனக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆமாங்கய்யா என்றேன். வேறென்ன சொல்ல?

வயிறு எரிகிறது மாப்பிள்ளை. இந்த மடலை எழுதும்போதும் எரிகிறது. உங்களை நினைத்து அழ இந்த வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள். நீங்கள் இன்னும் எதிரில் நிற்கிற மாதிரி உங்களோடு மல்லுக்கு நிற்க நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.