உனக்கு ஊற்றிய இரும்பு

என் செல்லத் தங்கச்சி சரசு,

மஞ்சக்கண்ணி என்று உன்னைக் கூப்பிட்டே பழகிய வாய் இது. இன்று பெயரைச் சொல்லவே கூசுகிறது. நீ போய் நாலு வருஷமாகிறது. மலாக்காவில், காஜா பேராங்கில் வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ துணி துவைத்த கல்லில் இப்போது உன் அண்ணி கமலம் துவைக்கிறாள். உனக்கு ஒரு மருமகன் பிறந்திருக்கிறான், சரவணன். ஒன்பது மாதம். போன வாரம் அவனுடைய கையும் காலும் பன் மாதிரி வீங்கிவிட்டன. தொட்டால் அலறுகிறான்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கதையைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொண்டு கேள். பொறுத்துக்கொள்வது உனக்கு ஒன்றும் புதிதில்லையே.

நான் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுவேன், ஊசி போடுவேன், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கலக்குவேன். அவ்வளவுதான் என் படிப்பு. அந்த வெள்ளைச் சட்டையோடு தெருவில் இறங்கினால் மட்டும் பாதி டாக்டர். முகம் வெளுத்தால் சோகை, சோகைக்கு இரும்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று காலையும் மாலையும் உனக்கு இரும்பு டானிக் ஊற்றினேன். "வாயத் தெற" என்பேன். நீ திறப்பாய். உன் பல் கறுத்தது. கணுக்காலில் ஆறாத புண்ணுக்கு வெள்ளைத் துத்தநாகக் களிம்பு பூசினேன்.

பத்தொன்பது வயதில் பதின்மூன்று வயதுப் பிள்ளை போல இருந்தாய். பெரிய மனுஷி ஆகவில்லை. "இதுக்குப் பதிலா ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தா அரைக்கவாச்சும் ஒதவும்" என்று அம்மா உன் காதுபடவே சொல்வாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் உன் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோய் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினேன். உன்மேல் அக்கறை என்று நினைத்துவிடாதே. என் வைத்தியத்துக்கு ஒரு சபாஷ் வாங்கத்தான் போனேன். அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்கள் பல, கதிரறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன. "இவளுக்கு இரும்பு குறையவில்லை. இந்த அணுக்கள் உடைந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் இரும்பு உடம்புக்குள்ளேயே தங்குகிறது. நீ அதன்மேல் இன்னும் கொட்டுகிறாய்" என்றார்.

டானிக்கை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், குளிர்ந்த நீரில் நனைய வேண்டாம், வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே கொண்டு வா என்றார். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கடைசியில், "இது பெற்றவர்களிடமிருந்து வருவது. உன் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்" என்றார்.

கிளேபாங்கில் கமலத்தைப் பெண் கேட்டிருந்த நேரம். குடும்ப ரத்தத்திலேயே கோளாறு என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? சீட்டை இரண்டாக மடித்துப் பழைய யூனிபாரத்தின் பைக்குள் வைத்தேன். அந்த அழுக்குச் சட்டையைச் சுருட்டி அலமாரியின் அடியில் திணித்தேன். "வெறும் சோகதாம்மா. டானிக்க விடாமக் குடுக்கச் சொன்னாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்று மாலையே கரண்டியோடு உன் முன்னால் நின்றேன். திடீரென்று நிறுத்தினால் அம்மா ஏன் என்று கேட்பாளே!

இரண்டு வாரம் கழித்துக் கமலத்தின் அப்பா வீடு பார்க்க வந்தார். உன் கண்ணைப் பார்த்து, "தங்கச்சிக்கு என்னா ஒடம்புக்கு?" என்றார். நீ முந்திக்கொண்டாய். "வெறும் சோகதான் மாமா. அண்ணன் மருந்து குடுக்குறாரு, இப்ப தேவல." சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே வாயைத் திறந்தாய். நான் ஊற்றினேன். அவர் தலையாட்டினார், வெற்றிலை மாற்றிக்கொண்டோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பரிசம் போடும் நாள் வந்தது. மாப்பிள்ளையின் தங்கைதான் முதல் தட்டைத் தூக்க வேண்டும். விடிகாலையில் கிணற்று நீரில் தலை முழுக வேண்டும், தட்டைக் கைமாற்றும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. நம் வீட்டு வழக்கம். அது உன்னை என்ன செய்யும் என்று தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அம்மா உன் தலையில் வாளி வாளியாக ஊற்றும் சத்தம் கேட்டது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

கிளேபாங்கில் நீ விழவில்லை. வெயிலில் நின்று தட்டைக் கொடுத்து, சிரித்து, வண்டியேறி நம் வாசலுக்கு வந்த பிறகுதான் விழுந்தாய். எலும்பெல்லாம் நொறுங்குவதாக அழுதாய். மூச்சு வாங்கியது. நம் வீட்டுக்குப் பின்னால், மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து ஒரு அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு, "பாவா ஹோஸ்பிட்டல், லெக்காஸ்!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினாள். சீக்கிரம் கொண்டுபோ என்கிறாள். யாரிடம் கொண்டுபோவேன், அந்த டாக்டரிடமா? கல்யாணத் தேதிகூடக் குறிக்கவில்லையே. சோகை மயக்கம்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை மலாயில் சமாதானப்படுத்தி அனுப்பினேன். மூன்று நாள் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஊற்றிய டானிக் உன் கடைவாய் வழியே வழிந்து தலையணையில் இறங்கியது.

காரியம் முடிந்தபின், யாரும் பார்க்குமுன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அழுக்காகத் திணித்த சட்டை துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பைக்குள் சீட்டு ஈரம் படாமல் இருந்தது. நான் இரண்டாக மடித்தது நாலாக மடிந்திருந்தது. நீ கான்வென்டில் ஏழு வருஷம் படித்தவள், இங்கிலீஷை என்னைவிட நன்றாக வாசிப்பாய்.

எப்போது வாசித்தாய்? கமலத்தின் அப்பா வருவதற்கு முன்பே வாசித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் முந்திக்கொண்டு பேசினாய்? தெரிந்தே வாயைத் திறந்தாயா? ஒரு தடவையாவது துப்பியிருக்கலாமே, சரசு. என் முகத்திலாவது துப்பியிருக்கலாமே.

இனி சரவணன் கதை. இப்போது இருக்கும் டாக்டர் நம் ஆள். அவன் ரத்தத்தைப் பார்த்தார், எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்தார். இந்த நோய் தகப்பன் வழியில் மட்டும் வராதாம், தாய் வழியிலும் வர வேண்டுமாம். கமலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எந் தம்பிக்கும் இப்படித்தாங்க கை வீங்குச்சு. நாலு வயசுல போய்ட்டான். வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள். அன்று நம் வீட்டில் இரண்டு திருடர்கள் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை மாற்றியிருக்கிறோம். நடுவில் நீ வாயைத் திறந்து நின்றிருக்கிறாய்.

ரத்தத்தில் செம்பும் துத்தநாகமும்கூட இம்மி இம்மியாக உண்டாம். இந்த நோய்க்காரர்களுக்கு அதில் எது கூடுதல், எது குறைவு என்று டாக்டரைக் கேட்டேன். "அது இன்னும் சரியாத் தெரியாது மாணிக்கம்" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டரால் சொல்ல முடிகிறது, பார். உன் புண் ஆறாததற்கும் நீ வளராததற்கும் அதில் ஏதாவது காரணம் இருந்திருக்குமோ? உள்ளே போக வேண்டியதை வெளியே பூசிவிட்டு, போகக் கூடாததை உள்ளே ஊற்றினேனோ?

வருகிற வெள்ளிக்கிழமை கமலத்தின் தங்கைக்கு நிச்சயம். நேற்று மாமனார் வந்தார். "மாப்ள, கொழந்தைக்குச் சோகன்னு சொல்லிருங்க. டிரஸ்ஸர் சொன்னா யாரு மறுத்துப் பேசப் போறா? கையில ஒரு டானிக் பாட்டிலும் வச்சிக்குங்க" என்றார். கமலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் சொல்கிறேன். அன்று கிழிக்காமல் வைத்துவிட்ட உன் சீட்டோடு வெள்ளிக்கிழமை போவேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பிரித்து வாசிப்பேன். மாப்பிள்ளைப் பையன் தன் ரத்தத்தைக் காட்டிவிட்டு அப்புறம் தட்டு மாற்றட்டும் என்பேன். அந்தப் பெண் என்னைச் சபிக்கலாம், கமலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளேபாங்குக்கே போய்விடலாம். போகட்டும், சரவணன் வாயில் அந்தக் கரண்டி படாமல் இருந்தால் போதும். இது யார் சீட்டு என்று கேட்பார்கள். என் தங்கச்சியுடையது என்பேன். அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன்.

உன்னை வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றிய
உன் அண்ணன்,
மாணிக்கம்