அமைதி என்று குறித்த அழைப்பு

புதன், இரவு

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கிராஞ்சி விடுதியின் உதவி எண்ணில், குரலைக் கேட்டு உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருள் நான் எழுதியது. அது 'பதற்றம்' என்றால் உடனே ஆள் பேசுவார். 'அமைதி' என்றால் வரிசையில் கடைசி.

திங்களன்று முருகேசன் என்பவர் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல சார், சும்மாதான்" என்று சிரித்திருக்கிறார். அமைதி என்று விழுந்தது. மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சிப் பதிவுகளில் அந்த மாதிரிச் சிரிப்புக்கெல்லாம் அமைதி என்று குறித்தவன் நான்தான். குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.

இன்று அழைப்புகளை எடுக்கும் செல்வி அக்கா அந்தப் பதிவைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லாதவன் எதுக்குத் தம்பி ஆறு நிமிஷம் போனை வைக்காம இருக்கான்?"

"டோன் நார்மலாத்தான் இருந்துச்சுக்கா."

"ஊர்ல இருந்து வந்தவன் உங்கிட்ட அழுதா சொல்லுவான்?"

மாலையில் நானே அவரைக் கூப்பிட்டேன். நான்கு முறை எடுக்கவில்லை. எனக்கு இருந்தது பயமா, வெட்கமா, தெரியவில்லை. ஐந்தாம் முறை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் லாரி வந்து நிற்கும் சத்தம், ஆட்கள் இறங்கும் சத்தம். வெகு நேரம் கழித்துக் கேட்டார்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே. சொல்லுங்க."